கடைசி நிலையத்தில் ஓய்ந்த வாதம்

சமூகத் தேவைகளுக்குப் புது வழி தேடுகிறவர்களுக்குக் கைகொடுக்க, நாட்டுக்கொரு தேசிய மையம் அமைக்கும் கூட்டுத் திட்டத்தில் வேலை செய்தேன். பல்கேரியாவில் அதே வேலை பார்த்த பெண்ணைத் திரையில் மட்டுமே கண்டிருந்தேன். மையம் ஆலோசனை சொன்னால் போதும் என்பது அவர் கட்சி. உதவி கேட்கிற ஆட்களின் இடத்துக்கே மையத்தார் போகவேண்டும் என்பது என் கட்சி. மாதக்கணக்காக வாதாடினோம்.

திட்டக் கூட்டத்துக்கு வந்த அவரைக் கூட்டிவரப் பிராங்பேர்ட் விமான நிலையத்துக்குப் போனேன். திரும்பும் எஸ்-பான் ரயிலில் இருவரும் நித்திரையாகிவிட்டோம். கடைசி நிலையத்தில் ஓட்டுநர் வந்து எழுப்பினார்.

நிலைய மேடையில் வாங்கில் உட்கார்ந்தபடி அவர் சொன்னார்: "எனக்கு இனி வாதாட ஏலாது. நீங்கள் சொன்னபடியே செய்வம்."

"நானும் நீங்கள் சொன்னபடியே செய்வம் என்றுதான் சொல்ல இருந்தனான்," என்றேன்.

மறுநாள் கூட்டத்தில் மற்ற நாட்டவர்கள் இரண்டு வழிகளையும் திட்டத்தில் சேர்த்தே எழுதினார்கள். நாங்கள் மறுக்கவில்லை.