பின் பிரேக்கும் ஒன்பது நாள் மௌனமும்

ஊரார் வண்டிக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற மெக்கானிக்கின் கண்ணில் பெண்டாட்டியின் வண்டி மட்டும் படவில்லை. "பின் பிரேக் சரியாப் பிடிக்கலைங்க" என்று அவள் வந்து நின்றபோது, "பிரேக்ல ஒண்ணுமில்ல, உனக்கு மிதிக்கத் தெரியல" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டான். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் அவள். பன்னிரண்டு வருடமாக பைக் ஓட்டுகிறவள். அன்றோடு பேச்சை நிறுத்தினாள். பஸ்ஸில் போக ஆரம்பித்தாள்.

ஒன்பது நாளில் மனிதன் தவித்துப்போனான். சமாதானம் பேச வாய் வரவில்லை, வண்டியைப் பிரித்தான்.

பிரேக் கட்டைகள் நன்றாகவே இருந்தன. பிரேக் ஆயில் வரும் ஹோஸின் இணைப்பில் மட்டும் லேசான ஈரம். அவன் முகம் சுண்டிப்போயிற்று. ஆறு மாதம் முன்பு ஹோஸ் மாற்றியபோது, நம்ம வண்டிதானே என்று பழைய வாஷரையே திரும்பப் போட்டது அவனேதான். பிரேக் ஆயில் கசிந்து, காற்று உள்ளே புகுந்திருந்தது.

புது வாஷர் போட்டான். இனி காற்றை வெளியேற்ற வேண்டும். கடையில் இதைத் தனியாளாகவே முடிக்கிறவன், இன்று வேண்டுமென்றே அவள் பக்கம் பார்த்தான். அவள் வந்து பெடலில் கால் வைத்தாள். பேச்சுதான் இல்லையே, ஸ்பானரால் தரையில் ஒரு தட்டு தட்டினால் அழுத்த வேண்டும், இரண்டு தட்டினால் விட வேண்டும் என்று சைகையிலேயே ஏற்பாடு.

நாலாவது தடவை, காற்று வெளியேறும் நிப்பிளை இன்னும் மூடாத நேரத்தில் ஸ்பானர் கை நழுவி, டங் டங்கென்று விழுந்தது. அவள் காலை எடுத்துவிட்டாள். நிப்பிளில் மாட்டிய குழாயில் வந்த குமிழெல்லாம் திரும்பி உள்ளே போய்விட்டது.

"தட்டினா எனக்கென்ன தெரியும்? வாயைத் திறந்து சொல்லுங்க."

அவன் தலை நிமிரவில்லை. "தப்பு என் மேலதான். பழைய வாஷரையே போட்டிருந்தேன். பழியை உன் மேல போட்டுட்டேன்."

அவள் மறுபடி பெடலை அழுத்தினாள். குமிழ் நிற்கும்வரை அவன் வாயால் சொல்லச் சொல்ல அழுத்தி, விட்டாள். பெடல் கெட்டியாயிற்று.

"பின்னாடி உட்காருங்க" என்றாள்.

சரிவில் இறங்கி, பெரிய ரோடு சேருமிடத்தில் போட்டிருந்த கோட்டுக்கு இந்தப் பக்கமே வண்டியை நிறுத்தினாள். அவன் பெருமையாகச் சிரித்தான்.

"அன்னைக்கு எங்க போய் நின்னேன் தெரியுமா?" என்று ரோட்டின் எதிர்ப்பக்கத்தைக் காட்டினாள். நடுவே லாரி ஒன்று விரைந்து போனது.

அவன் சிரிப்பு நின்றது. "ஏன் சொல்லல?"

"அதைச் சொல்லத்தான் அன்னைக்கு வந்தேன்" என்றாள்.