ஷிப்ட் முடிந்த முகம்

காலையில் அம்மாவைப் பார்க்கிற யாரும் அவளை நோயாளி என்று சொல்ல மாட்டார்கள். பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் துணி தைக்கிறவள். மதியத்துக்கு மேல்தான் சனியன் பிடிக்கும். இடது இமை விழும், பிறகு வலது. சாயங்காலம் வீடு வரும்போது சோற்றை மெல்லத் தாடைக்குத் தெம்பிருக்காது. குடித்த தண்ணீர் மூக்கு வழியாக வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போவது எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் மாதிரி. லீவு போட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து, தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டித்தான் அம்மா கிளம்புவாள். பளிச்சென்று வந்து நிற்கிறவளைப் பார்த்து டாக்டர்தான் என்ன செய்வார்? ஒருவர் சத்துக் குறைவு என்றார். இன்னொருவர் மனசில் ஏதாவது கவலையா என்று கேட்டார். அப்பா செல்போனில் எடுத்திருந்த போட்டோவைக் காட்டினால், "தூங்கும்போது எடுத்ததா?" என்றார். அத்தை மட்டும் டாக்டருக்குப் படிக்காமலே கண்டுபிடித்துவிட்டாள். நடிப்பாம்.

ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்ததும் தண்ணீர் குடித்துப் புரையேறி, அம்மா மூச்சுக்குத் திணறினாள். நான் கத்தினேன். மூச்சு திரும்பியதும் அப்பா வண்டியை எடுத்தார். அந்த நிலையிலும், "மூஞ்சியக் கழுவிட்டு வேற சேலை கட்டிக்க புள்ள" என்றார்.

"வேண்டாமுங்க. இப்படியே போலாமுங்க." பேச்சு மூக்கால் வந்தது.

நடுவில் அம்மா, பின்னால் நான். தொங்கிய அவள் தலையை அப்பாவின் முதுகோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். முடியெல்லாம் துணிப் பஞ்சு. கை கடுத்தது. விட்டால் அம்மா விழுந்துவிடுவாள் என்று பயமாக இருந்தது.

ஆஸ்பத்திரியில், மூச்சு சீராக இருக்கிறது என்று பார்த்துவிட்டு எங்களை வரிசையில் உட்காரச் சொன்னார்கள். பெஞ்சில் சாய்ந்த கொஞ்ச நேரத்தில் அம்மாவின் இமை மெல்ல மேலே ஏறியது. அவிநாசியப்பரை வேண்டிக்கொண்டிருந்த நான், இவ்வளவு சீக்கிரம் கேட்டுவிட்டாரே என்று பூரித்துப்போனேன். அம்மாவோ பதறினாள். "போவுதுங்க, போவுதுங்க" என்று அப்பாவின் கையைப் பிடித்தாள். பிறகு எழுந்து நின்று, இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, இல்லாத மெஷினில் இல்லாத துணியைத் தள்ளித் தைக்க ஆரம்பித்தாள்.

கூட்டம் வேடிக்கை பார்த்தது. அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "உக்காரும்மா" என்று அழுதபடி நான் சேலையை இழுத்தேன்.

"உடு கண்ணு. டாக்டர் பாக்கோணும்."

எங்கள் முறை வந்தபோது அவள் இமைகள் இரண்டும் மூடிக் கிடந்தன. மனசில் கவலையா என்று கேட்ட அதே டாக்டர்தான். மேலே பார்க்கச் சொன்னார், கையைத் தூக்கச் சொன்னார்.

"ஏம்மா இத்தனை நாளா இப்படி வரல?" என்றார். நரம்புக்கும் தசைக்கும் நடுவில் கோளாறு போலிருக்கிறது, ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், மனசுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இது வியாதிதான் என்றார்.

தூக்க முடியாத கைகளைத் தூக்கி அம்மா அவரைக் கும்பிட்டாள். கன்னமெல்லாம் கண்ணீர். வியாதி என்று சொன்ன மனிதரைப் போய் யாராவது கும்பிடுவார்களா? எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அவளை அங்கேயே படுக்க வைத்தார்கள். நான் அப்பாவோடு வீட்டுக்குப் போனேன். சாமி சரிசெய்துவிட்டதை இவளாகவே தைத்துத் தைத்து வியாதியாக்கிக்கொண்டாள் என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.