நியூட்ரலில் நின்ற வண்டி

தொண்ணூறுகளின் கடைசியில் ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு ஒரு சரிவான தெருவில் இருந்தது. பார்த்தவுடன் சரிவு என்று தெரியாது. மழை பெய்யும்போது தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தால்தான் தெரியும். அந்தச் சரிவைக் காரணம் காட்டித்தான் என் கணவர் காரை எனக்குத் தராமலே இருந்தார். என்னிடம் லைசென்ஸ் இருந்தது. "ஓட்டிடுவே. இறக்கத்துல நிறுத்தத் தெரியாது உனக்கு" என்பார்.

எனக்குத் தெரியும். டிரைவிங் ஸ்கூலில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஹேண்ட்பிரேக்கை நன்றாக இழுக்கவேண்டும். வண்டி இறக்கத்தைப் பார்த்து நின்றால் ரிவர்ஸ் கியர், ஏற்றத்தைப் பார்த்து நின்றால் முதல் கியர். சக்கரத்தைத் தெரு ஓரமாகத் திருப்பி வைக்கவேண்டும். இதையெல்லாம் சொன்னால் அவர் காதில் ஏறாது.

அவருக்கு ஆபீஸ் பழக்கம். அங்கே சமதளம், ஒரு வண்டிக்குப் பின்னால் இன்னொன்றை அடைத்து நிறுத்துவார்கள். உள்ளே மாட்டிய வண்டி வெளியே வர, மற்றதைக் கையால் தள்ளவேண்டும். அதனால் கன்னடக்கார வாட்ச்மேன், "ஹேண்ட்பிரேக் பேடா, வேணாம் சார், நியூட்ரல்ல விட்டுட்டுப் போங்க" என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். வீட்டுக்கு வந்தாலும் இவருக்கு நியூட்ரல்தான். முன்சக்கரத்துக்கு ஒரு கருங்கல்லை அண்டக்கொடுத்துவிட்டுப் படியேறிவிடுவார். அந்தக் கல்லின் புண்ணியத்தில் அவர் நிறுத்தத் தெரிந்தவர், நான் தெரியாதவள். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஓர் ஆயுத பூஜையன்று காரைக் கழுவி மாலை போட்டோம். ஸ்டியரிங்குக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. டிரைவர் சீட்டில் நான் உட்கார்வது வருடத்தில் அந்த ஒரு நாள்தான். மாமியார் வண்டிக்கு முன்னால் கற்பூரத் தட்டோடு நின்றார். கணவர் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டே வந்தார். கடைசிச் சக்கரத்தில் கல் இடைஞ்சலாக இருந்தது. அதைக் காலால் எத்திவிட்டு, அந்த இடத்தில் பழத்தை வைத்தார்.

பழம் ஒரு கணம் தாங்கியது. பிறகு சப்பென்று நசுங்கியது. வண்டி மாமியாரை நோக்கி நகர்ந்தது.

"அய்யோ, பிடி பிடி!" என்று கணவர் பின்னால் ஓடி டிக்கியைப் பிடித்து இழுத்தார். மாமியார் கற்பூரம் அணைந்துவிடக் கூடாதென்று தட்டைக் கையால் மறைத்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் பிரேக்கை மிதித்து ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன். வண்டி அவர் புடவைக் கொசுவத்தைத் தொட்டு நின்றது.

கணவர் ஒன்றுமே நடக்காத மாதிரி, "நாலு பழமும் நல்லா நசுங்கிடுச்சும்மா. நல்ல சகுனம்" என்றார்.

மாமியார் அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வந்து, நான் ஒற்றிக்கொள்ளத் தட்டை நீட்டினார்.

"நாளைக்குக் கண் ஆஸ்பத்திரிக்குப் போணும்மா. நீயே ஓட்டு. இவன் வேணும்னா பின்னாடி உக்காந்துட்டு வரட்டும்."