கல்யாணக் கோட் போட்ட அமரர்

சேர்ந்த அன்று

ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அச்சகத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஒரு சாவு வந்தது. பயந்துவிடாதீர்கள், பேனர் ஓடர்தான். முதலாளி கம்பளை ஊர் முஸ்லிம். நம் ஆட்களின் சாவுச் சடங்கில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. என்னைக் கம்பியூட்டர் முன்னால் உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

“செத்த அன்னைக்குக் கண்ணீர் அஞ்சலி. முப்பத்தொண்ணாம் நாளுக்கு நினைவஞ்சலி. வருசம் போனா நினைவு தினம். மாத்திப் போட்டுறாத புள்ள, சண்டைக்கு வருவாங்க.”

“ரெண்டாவது வருசத்துக்கு என்ன முதலாளி?”

“ரெண்டாவது வருசத்துக்கு யாரு வாறா?”

அவர் சொன்னது சரிதான். நான் ஓய்வு பெறும்வரை இரண்டாம் வருடத்துக்கு வந்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் முதல் வருடத்தில் வந்த அத்தனை பேரும் “என்றும் மறவோம்” என்றுதான் போடச் சொன்னார்கள்.

சொல் சரக்கு

எங்களிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை. நீங்கா நினைவு, மறவா நினைவு, அழியா நினைவு எல்லாம் தயாராக இருந்தன. பேனர் பெரிதென்றால் மூன்றையும் போட்டுவிடுவேன்.

‘ஞாபகம்’ மட்டும் யாருக்கும் பிடிக்காது. ஒருவர் என்னிடம் முகத்துக்கு நேரே சொன்னார்: “என்னாங்க இது, பஸ்ஸுல குடைய விட்டுட்டு வந்த மாதிரி இருக்கு.” ‘நெனப்பு’ என்று எழுதலாமா என்று நான் கேட்டதே இல்லை, கேட்டால் அடிக்க வருவார்கள். ஆனால் வாயில் வருவது அதுதான். “அம்மா நெனப்பாவே இருக்குங்க அக்கா” என்று அழுதுகொண்டே படியேறி வருவார்கள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, “நீங்கா நினைவுகளுடன் வாடும் குடும்பத்தினர்னு போடுங்க” என்பார்கள். நானும் போடுவேன். எனக்குச் சம்பளம் அதற்குத்தான்.

படத்துக்கும் ஒரு முறை இருந்தது. தோட்டத்து ஆம்பளைகள் பலருக்கு அடையாள அட்டைப் படத்தைத் தவிர வேறு படம் கிடையாது. கழுத்துக்கு மேலே அதை வெட்டி, கீழே ஒரு கோட் உடம்பை ஒட்டுவோம். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கோட். முதலாளி தன் கல்யாணத்துக்குப் போட்டது. அவருடைய படத்திலிருந்து தலையை எடுத்துவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொண்டோம். டிக்கோயாவிலிருந்து அக்கரப்பத்தனை வரைக்கும் செத்த ஆம்பளைகள் எல்லாம் என் முதலாளியின் கல்யாணக் கோட்டில்தான் மேலே போனார்கள். முதலாளிக்கு அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

இராமசாமி ஐயா

ஒரு நாள் காலையில் ஆசிரியர் ஒருவர் வந்தார். எங்கள் கடைக்கு மேலே உள்ள ரோட்டில் வீடு கட்டியிருந்தவர். அப்பா இறந்துவிட்டார், பின்னேரம் எடுக்க வேண்டும் என்றார். அப்பா டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் காலமெல்லாம் வேலை செய்தவர். கால் முடியாமல் போன பிறகுதான் மகனோடு வந்திருந்தார்.

“அமரர் கருப்பையா இராமசாமின்னு போடுங்க அக்கா. தோட்டம், லயத்து வீடு எல்லாம் வேணாம். ஊர் ஹட்டன். வயசக் கொஞ்சம் கொறச்சிருங்க. எங்க ஸ்கூல் ஆளுங்க எல்லாம் வருவாங்க.”

சுருக்கத்தை எடுத்தேன், முடியைக் கறுப்பாக்கினேன், கோட்டைப் போட்டேன். ஆள் ஒரு வங்கி மேனேஜர் போல ஆகிவிட்டார். ஆசிரியர் பார்த்துவிட்டுக் கண் கலங்கினார். “ரொம்ப நல்லா வந்திருக்கு” என்றார். பேனரை வாசலில் கட்டி, அதே படத்தை, கை மாறிக் கை மாறித் தோட்டத்து ஆட்களுக்கெல்லாம் போய்ச் சேரும்படி போனில் அனுப்பியும் விட்டார்.

மதியம் நானும் முதலாளியும் சாவு வீட்டுக்குப் போனோம். பிளாஸ்டிக் கதிரைகள் வரிசையாகக் கிடந்தன. பாடசாலை ஆட்கள் சிலரும் உப அதிபரும் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து ஒருவர்கூட வரவில்லை. பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஆசிரியரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தாயி, வாசல்ல கோட்டுப் போட்டுக்கிட்டுத் தொங்குறாரே, அது யாரு?”

“உங்க வீட்டுக்காரருங்கம்மா.”

அந்த அம்மா எழுந்து போய்ப் பேனரை மேலும் கீழும் பார்த்துவிட்டு வந்தார். “எனக்கே தெரியலியே. தோட்டத்துல எவனுக்குத் தெரியும்? யாரோ டவுன் தொரை செத்துட்டாருன்னு இருப்பானுங்க. கூட வேலை செஞ்ச சனம் தோள் குடுக்காம, என் புருசன் அனாதையாவா போகணும்?”

“இராமசாமின்னு பேரு போட்டிருக்கேங்கம்மா.”

“அந்தப் பேரு யாருக்குத் தெரியும்? தோட்டத்துல எங்க டிவிசன்ல மட்டும் எத்தனை பேரு அந்தப் பேருல! அவர எல்லாரும் கொட்டாவின்னுதான் கூப்பிடுவாங்க.” சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு தானே சமாதானம் சொன்னார்: “புருசன் பேரச் சொல்லக் கூடாதுதான். ஆனா அது பேரு இல்லையே.”

மகனுக்குக் கேட்டுவிட்டது. ஓடி வந்து, “அம்மா, மெதுவா! ஸ்கூல் சேர்மாரெல்லாம் இருக்காங்க” என்றார். அந்தப் பட்டப்பெயரை மறக்கடிக்கத்தான் அவர் இத்தனை காலம் பாடுபட்டிருக்கிறார். படிக்கிற காலத்தில் அவரைக் ‘கொட்டாவி மகன்’ என்று கூப்பிட்டார்களாம்.

அந்த அம்மா மகனைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்து, “நீ சொல்லு தாயி. நான் சொல்லச் சொன்னேன்னு சொல்லு” என்றார்.

அந்தத் தோட்டத்துக் கோயில் தலைவரை எனக்குத் தெரியும். திருவிழா நோட்டீஸ் எங்களிடம்தான் அடிப்பார். போன் எடுத்தேன்.

“தலைவரே, கொட்டாவி ஐயா தவறிட்டாருங்க.”

“என்னாது! நம்ம கொட்டாவியா? ஐயையோ! அப்ப காலையில போன்ல வந்த ஆளு யாரு? நாங்க கீழ் டிவிசன் ராமசாமியோ என்னமோன்னு அவருக்கே போன் அடிச்சுக் கேட்டமே. மனுசன் எடுத்து, நான் இன்னும் சாகலைன்னு ஏசுறாரு!”

“பின்னேரம் எடுக்கிறாங்க.”

“நாங்க வராம யாரும் தூக்கக் கூடாதுன்னு சொல்லுங்க.”

மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே வேலையை நிறுத்திவிட்டார்கள். லொறியில் தப்பு மேளச் சத்தத்தோடு வந்து இறங்கினார்கள். பெண்கள் பலருக்கு கொழுந்தெடுக்க இடுப்பில் கட்டிய படங்குத் துணியை அவிழ்க்கக்கூட நேரமில்லை. கதிரை போதவில்லை. பாடசாலை ஆட்கள் எழுந்து நின்றுகொண்டார்கள்.

உப அதிபர் இரங்கல் உரை சொன்னார். அன்னாரின் நினைவு நம் உள்ளங்களில் என்றும் நிலைத்திருக்கும் என்றார். அன்னாரை அவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. பிறகு தோட்டத்துக் கிழவர் ஒருவர், யாரும் கூப்பிடாமலே பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“விடியக்காலையில பேரு பதியிற பெரட்டுல வரிசையா நிப்போம். இவன் ஒரு கொட்டாவி விடுவான். அதப் பாத்துக் கங்காணி விடுவாரு, கணக்கப்பிள்ளை விடுவாரு, கடைசில தொரையே விடுவாரு. வாயத் தொறந்த தொரை எப்படிங்க ஏசுவாரு? எத்தனை பேரு லேட்டா வந்து தப்பிச்சிருக்கோம். டேய் கொட்டாவி, இனிமே எங்கள யாருடா காப்பாத்துவா?”

சிரிப்பும் ஒப்பாரியும் ஒன்றாகக் கிளம்பின. அந்த அம்மா அப்போதுதான் வாய்விட்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. பெட்டியைத் தூக்க ஆட்கள் முட்டி மோதிக்கொண்டார்கள். மகனுக்கே இடம் பிடித்துத்தான் கொடுக்க வேண்டியிருந்தது.

முப்பத்தொன்று

நினைவஞ்சலி அட்டைக்கு அம்மாவும் மகனும் சேர்ந்து வந்தார்கள். அம்மா முந்தானையிலிருந்து ஒரு படத்தை எடுத்து மேசையில் வைத்தார். தேர்த் திருவிழாவில் எடுத்தது. கூட்டத்தின் ஓரத்தில் கண்ணை மூடி, வாயைப் பிளந்துகொண்டு ஒருவர்.

“அம்மா, வாயத் தொறந்துக்கிட்டு இருக்காரு” என்றார் மகன்.

“உங்கப்பன் அப்படித்தான் இருந்தாரு.”

“அப்ப கோட்டு?” என்று முதலாளி கேட்டார். குரலில் கொஞ்சம் வருத்தம்.

“வேணாங்க. அவருக்குக் குளிராது” என்றார் அம்மா.

மகன் அந்தப் படத்தை எடுத்து, பிளந்த வாயைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தார், விரலை எடுத்தும் பார்த்தார். பிறகு, “சரி, அதையே போடுங்க அக்கா” என்றார்.

அதற்குப் பிறகு யார் வந்தாலும், எந்தச் சொல் வேண்டும் என்று நான் முதலில் கேட்பதில்லை. “ஊருல அவர எப்படிங்க கூப்பிடுவாங்க?” என்றுதான் கேட்பேன். சிலர் முறைப்பார்கள். சிலர் அப்படியே உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவார்கள், வேலை ஓடாது. இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். நீங்கா நினைவு எல்லாக் கடையிலும் கிடைக்கும், ஆளை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.

முப்பத்தொன்று அன்று அந்த வீட்டில் எனக்கும் சாப்பாடு. உப அதிபரும் வந்திருந்தார். மகன் அட்டையைத் தன் கையாலேயே அவரிடம் நீட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தவர், தாடை விரிய, கண்ணில் நீர் வர, நீளமாக ஒரு கொட்டாவி விட்டார். பதறிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு, “மன்னிக்கணும் சேர்” என்றார்.

“பரவாயில்லைங்க சேர்” என்றார் மகன். “இப்பத்தான் நீங்க எங்கப்பாவப் பாத்திருக்கீங்க.”