இடது சீட்டுக்கு வந்த அப்டேட்

போன வியாழக்கிழமை மாலை 5.52.

நேரம் இவ்வளவு துல்லியமாகத் தெரிவதற்கு என் ஞாபகசக்தி காரணமல்ல. போனில் பதிவாகியிருக்கிறது. நிவேதா, 5.52, பதினோரு செகண்ட். அந்த ஒரு வரியை இதுவரை எத்தனை முறை எடுத்துப் பார்த்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள்.

முதல் சில செகண்டுகள் வழக்கமானவைதான். “அப்பா, ஆண்டகளூர் கேட் தாண்டிட்டேன்...” நாமக்கல்லில் வேலை முடிந்து காரில் சேலம் திரும்பும் மகள், பாதி வழியிலுள்ள அந்த இடம் வந்ததும் கார் ஸ்பீக்கரிலேயே கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். நான் “சரி சாமி, பாத்து வா” என்பேன். வைத்துவிடுவாள். அவள் தனியாக வர ஆரம்பித்ததிலிருந்து தினமும் இவ்வளவுதான் பேச்சு.

அன்றைக்கு நான் ‘சரி’ என்று முடிப்பதற்குள் டயர் தேய்கிற ஒரு நீண்ட கிறீச். எதுவோ மோதி விழுகிற சத்தம். அதற்கும் பின்னால் ஒரு பெரிய வண்டியின் ஹாரன் — விடாமல்.

அப்புறம் ஒன்றுமில்லை.

திரும்பக் கூப்பிட்டேன். ஸ்விட்ச்டு ஆஃப். மறுபடி கூப்பிட்டேன். அந்தப் பெண் குரல் எவ்வளவு நிதானமாகச் சொல்கிறது பாருங்கள், ‘தாங்கள் அழைத்த எண் தற்போது’ என்று...

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் பயங்கள் புதிதல்ல. நிவேதாவுக்கு நாமக்கல்லில் ஒரு கோழித் தீவனப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? முதல் இரண்டு வாரம் அவளோடு காரிலேயே போனேன். இடது சீட்டில் உட்கார்ந்து போய், அவளை ஆபீஸ் வாசலில் ‘விட்டுவிட்டு’, பஸ் பிடித்து அஸ்தம்பட்டி வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, மதியம் மறுபடி பஸ் ஏறி நாமக்கல் போய், மாலையில் அவளோடு திரும்புவேன். கண்டக்டர்கள் எனக்கு வணக்கம் வைக்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள்.

ஓட்டுவது அவள்தான். நான் சும்மா உட்கார்ந்திருப்பேன். சும்மா என்றால் முழுக்கச் சும்மா இல்லை. லாரி குறுக்கே வந்தால் “லாரி, லாரி” என்று கத்துவேன். நாய் நின்றால் “நாய்” என்பேன். கூடவே என் வலது கால், அங்கே இல்லாத பிரேக்கைப் போட்டு அழுத்தும். கால்மிதி அந்த இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது.

“நீங்க கத்தறதுலதாம்ப்பா எனக்குப் பயமே வருது” என்றாள் ஒரு நாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். எங்களுடையது எலக்ட்ரிக் கார். போனுக்கு வருகிற மாதிரி அதற்கும் அவ்வப்போது அப்டேட் வரும். வரப்போகிற அப்டேட்டில், முன்னால் போகிற வண்டியைக் காரே கவனிக்குமாம். ஆபத்து என்றால் காரே பிரேக் போடுமாம். ரோட்டில் போட்ட கோட்டை விட்டு விலகினால் காரே ஸ்டியரிங்கை இழுத்துச் சரி செய்யுமாம். அது வந்ததும் நான் இறங்கிக்கொள்ள வேண்டும்.

அந்த வியாழனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அப்டேட் வந்தது. போர்டிகோவில் கார் அரை மணி நேரம் உயிரில்லாமல் நின்றது. பிறகு திரை எரிந்து, எல்லாம் தயார் என்றது. திங்கள்கிழமை காலை என் சீட்டில் அவளுடைய பை உட்கார்ந்திருந்தது. லேப்டாப்பும் டிபன் பாக்ஸும் சேர்ந்த கனத்தில், ஏதோ ஆள்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைத்துக் கார் கத்த ஆரம்பித்தது. பைக்கு சீட் பெல்ட் மாட்டிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

நான் கேட்டில் நின்று கையசைத்தேன். பைக்கும் சேர்த்துத்தான்.

சரி, வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

காருக்கென்று என் போனில் ஓர் ஆப் இருக்கிறது. கார் எங்கே இருக்கிறது என்று காட்டும். திறந்தேன். மேப்பில் நீலப் புள்ளி, ஆண்டகளூர் கேட்டுக்கும் மல்லூருக்கும் நடுவில். அசையவில்லை. ‘வாகனம் நிற்கிறது’ என்றது. நிற்கிறது என்றால்? எப்படி நிற்கிறது? ரோட்டிலா, ஓரத்திலா? நிமிர்ந்தா, கவிழ்ந்தா? இவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வண்டிக்கு இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லத் தெரியாதா?

ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன். மனைவி என் கையைப் பார்த்தாள். சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டாள்.

“பிரேக் போட்டா சத்தம் வரத்தானுங்க செய்யும். புள்ள வந்துருவா, உக்காருங்க” என்றாள். எவ்வளவு திடம் என்று நினைத்தேன். அப்புறம்தான் கவனித்தேன். சாம்பார் வெங்காயத்தை உரித்துக்கொண்டிருந்தவள், உரித்து முடித்ததையே எடுத்து மறுபடி உரித்துக்கொண்டிருந்தாள்.

இதே மாடல் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. சேலம், நாமக்கல், திருச்செங்கோட்டுக்காரர்கள். பூங்கொத்து போட்ட காலை வணக்கங்கள் தாங்காமல் மாதக்கணக்கில் அதை மியூட்டில் வைத்திருந்தேன். அந்தப் பக்கம் யாராவது போய்க்கொண்டிருந்தால் பார்க்கச் சொல்லலாமே என்று திறந்தால்... நான்கு நாளாக அங்கே ஒரே ரகளை.

ஒரு ஜவுளிக்கடைக்காரர் எழுதியிருந்தார். குழியைத் தவிர்க்க வண்டியை ஒடித்தால், இண்டிகேட்டர் போடவில்லை என்று சொல்லி ஸ்டியரிங் அவரை மறுபடி குழிக்குள்ளேயே இழுத்து விடுகிறதாம். நம் ஊரில் குழிக்கெல்லாம் இண்டிகேட்டர் போட ஆரம்பித்தால் கை ஓயுமா என்று கேட்டிருந்தார். கோழிப்பண்ணை வைத்திருக்கும் ஒருவரை, தூங்கி வழிகிறீர்கள், காபி குடித்துவிட்டு வாருங்கள் என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கார் அதட்டுகிறதாம். ‘தூங்கலீங்க, என் கண்ணே அவ்வளவுதானுங்க’ என்று பாவம், குரூப்பில் வந்து விளக்கம் கொடுத்திருந்தார். போர்வெல் ரிக் வைத்திருக்கும் திருச்செங்கோட்டுக்காரர் ஒரே வரி. ‘வண்டி வாங்குனது நானு, ஓட்டறது ஆருங்க?’

ஆதரவாளர்களும் உண்டு. அயோத்தியாப்பட்டணத்து டாக்டர் ஒருவர், ஆட்டுக்குட்டி ஒன்றைத் தான் பார்ப்பதற்கு முன்பே கார் பார்த்து நின்ற கதையை மூன்று தவணையாக எழுதியிருந்தார்.

வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். விரல் தள்ளிக்கொண்டே போனது. புதன்கிழமைப் பதிவு ஒன்றில் நின்றது. சாயங்கால வெயிலில், ரோட்டுக்கு மேலே போகும் பாலத்தின் நிழல் கீழே விழுந்தால், அதைச் சுவர் என்று நினைத்துக் கார் சடாரென்று நின்றுவிடுகிறது, பின்னால் வருகிறவர்கள் நம் மேல் ஏறாமல் இருந்தால் அதிர்ஷ்டம் என்று ஒருவர் எச்சரித்திருந்தார்.

பின்னால் வருகிறவர்கள்... அந்த ஹாரன்.

வாசல் கேட்டுக்கு வந்து, தெரு தெரிகிற படியில் உட்கார்ந்துகொண்டேன்.

அந்தப் பதிவுக்குக் கீழே பதினைந்து இருபது பேர் ஒரே விஷயத்தைத்தான் கெஞ்சியிருந்தார்கள். பழைய வெர்ஷனே நல்லா இருந்துச்சுங்க, திரும்ப அதுக்கே போக முடியுமா? யோசித்துப் பாருங்கள். அவர்கள் ஏங்குவது எந்தக் காலத்துக்கு? அப்டேட்டுக்கு முந்தின சனிக்கிழமைக்கு. நாமெல்லாம் பழைய காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட ஒரு தலைமுறையாவது ஆக வேண்டியிருந்தது. இப்போது ஐந்து நாள் போதும்.

ஆனால் நீலப் புள்ளியை முறைத்துக்கொண்டிருந்த எனக்கும் ஒரு பழைய வெர்ஷன் ஞாபகத்துக்கு வந்தது. அது ஓர் அம்பாஸடர்.

என் அப்பாவுக்கு நாமக்கல்லில், லாரி பாடி கட்டுகிறவர்களுக்கு மரம் சப்ளை செய்யும் தொழில். தீபாவளித் துணி, பல் டாக்டர், கல்யாணம் என்று எதற்கானாலும் எல்லோரும் அந்த அம்பாஸடரில் இதே ரோட்டில்தான் சேலம் வருவோம். அப்போது இது நாலு வழி இல்லை. எதிரே பஸ் வந்தால் ஒரு சக்கரம் மண்ணில் இறங்க வேண்டும். அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார் என்பது உண்மை. ஓட்டியது என்னவோ நாங்கள் எல்லோரும்தான்.

தங்கச்சி பின் சீட்டில் மண்டியிட்டுப் பின்கண்ணாடி வழியே பார்ப்பாள். ஏதாவது வண்டி நெருங்கினால் தகவல் சொல்வாள். இடது ஜன்னல் என் பொறுப்பு. திரும்பும்போது கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். அத்தை வந்தால், கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஊருக்கு ஊர் ஒருமுறை இழுத்துப் பார்ப்பார். தலைமைப் பொறுப்பு முன் சீட்டில் அம்மாவுக்கு. “ஏனுங்க, ஆடு வருதுங்க.” “ஏனுங்க, அந்த சைக்கிள்காரன் திரும்பப் போறானுங்க.” “ஏனுங்க, பஸ்ஸுங்க.” நாமக்கல்லில் ஆரம்பித்தால் சேலம் வரை நிற்காது.

அப்பா ஒன்றுக்கும் பதில் சொன்னதில்லை. “ம்” என்பதோடு சரி. அம்மாவின் சத்தம் அவர் காதில் விழுகிறதா என்றே எனக்குச் சந்தேகம் உண்டு.

ஒருமுறை இருவருக்கும் சண்டை. மாமா வீட்டு விசேஷத்துக்கு அப்பா கடைசி நேரத்தில் வரவில்லை என்ற கோபம். அதற்கு அடுத்த வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது அம்மா வாயே திறக்கவில்லை. ஆடு வந்தது. பஸ் வந்தது. மாட்டு வண்டி வந்தது. அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கார் என்றைக்கும் இல்லாமல் மெதுவாகப் போனது, போகப்போக இன்னும் மெதுவாக. மல்லூர் தாண்டி ஓரிடத்தில் அப்பா ஓரங்கட்டி நிறுத்திவிட்டார்.

“ஏம்புள்ள, ஏதாச்சும் சொல்லீட்டு வா. ரோடே தெரிய மாட்டீங்குது.”

அப்பா மறுபடி வண்டியை எடுத்தார். சற்று தூரம் போனபின் அம்மா, முகத்தைத் திருப்பாமலே, “ஏனுங்க, சைக்கிள்” என்றாள்.

அப்பா வேகத்தைக் கூட்டினார்.

அதே மல்லூருக்கு அந்தப் பக்கம்தான் நீலப் புள்ளி நின்றுகொண்டிருந்தது. நான் வீட்டில் இருந்தேன். என் இடத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு ஒரு பை.

புள்ளி அசைந்தது.

முதலில் என் விரல் பட்டு மேப் நகர்ந்தது என்றுதான் நினைத்தேன். இல்லை, நகர்ந்தது. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் வெங்காயக் கையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் ஒரு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டு, புள்ளி மல்லூரைத் தாண்டுவதைப் பார்த்தோம். ரொம்ப மெதுவாக வந்தது. ஓட்டுவது அவள்தானா? கிரேன் வைத்து இழுத்து வருகிறார்களா?

சீலநாயக்கன்பட்டி. ஐந்து ரோடு. எங்கள் தெரு முனை.

கார் வந்தது. முழுசாக. கீறல்கூட இல்லாமல். அதிலிருந்து நிவேதா இறங்கினாள், அவளும் முழுசாக. கையில் திரை சிதறிய போன். மனைவி அவள் முகத்தையும் தோளையும் தடவிப் பார்த்தாள். முகமெல்லாம் வெங்காயம். நான் கேட்டை விட்டு நகரவில்லை. நகர்ந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது.

குரூப்பில் படித்தது போலவேதான் நடந்திருக்கிறது. பாலத்து நிழல், தானாக விழுந்த பிரேக், பறந்து மோதிய போன். பின்னால் வந்தது முட்டை லோடு ஏற்றிய லாரி. முட்டை வண்டிக்காரர்கள் சடன் பிரேக் போட முடியாது என்பதால் எப்போதும் தள்ளித்தான் வருவார்களாம். அந்த இடைவெளிதான் காப்பாற்றியது. டிரைவர் இறங்கி வந்து, “நிறுத்தறதுன்னா ஒரு கையக் காட்டலாமில்ல சாமி, பின்னாடி முட்ட வருதில்ல” என்றிருக்கிறார். நான் நிறுத்தலைங்கண்ணா, வண்டியே நின்னுருச்சு என்று இவள் சொல்ல, அவர் குனிந்து இடது சீட்டில் இருந்த பையைப் பார்த்தாராம். பக்கத்துல ஆள் இல்லாமயா வாரே என்று கேட்டாராம்.

அவர் போனிலிருந்து கூப்பிடலாம் என்றால் என் நம்பர் இவளுக்குத் தெரியாது. இவளிடம் நான் வெறும் ‘அப்பா’தான், பத்து இலக்கம் இல்லை. காரை ஓரங்கட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, புது வசதிகளையெல்லாம் திரையில் ஒவ்வொன்றாக அணைத்துவிட்டுக் கிளம்பியிருக்கிறாள். சீலநாயக்கன்பட்டி வரை அந்த முட்டை லாரி நான்கு விளக்கையும் சிமிட்டிக்கொண்டு, யாரையும் நெருங்க விடாமல் அவள் பின்னாலேயே வந்திருக்கிறது.

அவர் பெயரைக்கூட இவள் கேட்கவில்லை. இதைப் படிக்க நேர்ந்தால், அண்ணா, எங்கள் வீட்டில் தினமும் உங்கள் பேச்சுதான்.

எல்லாம் சொல்லி முடித்தாள். காருக்குள் எட்டிப் பார்த்தேன். பை பின் சீட்டில் கிடந்தது, பெல்ட் இல்லாமல்.

நான் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

“நாளைக்கு நீங்களும் வாங்கப்பா. நீங்களாச்சும் கத்திட்டுத்தான் பிரேக் போடுவீங்க.”