மாத்திரைக்கு முன் எடுக்க வேண்டிய ரத்தம்

தொண்ணூறுகளின் கடைசியில் என் மனைவிக்கு வேறொருவரின் கல்லீரலை வைத்தார்கள். யாரோ புண்ணியவான், பெயர் சொல்லவில்லை. பொழிச்சலூர் வீட்டில் விளக்கேற்றும்போது அந்தக் குடும்பத்துக்கும் சேர்த்தே வேண்டிக்கொள்வேன்.

வீடு திரும்பியதிலிருந்து தினமும் காலையில் அவளை ஜன்னல் பக்கம் திருப்பிக் கண்ணில் மஞ்சள் இருக்கிறதா என்று பார்ப்பேன். "பொண்ணு பார்க்க வந்த அன்னிக்குக்கூட இவ்ளோ பார்க்கலீங்களே" என்பாள்.

ஆனால், உடம்பு அந்த ஈரலை ஏற்காமல் தள்ள ஆரம்பித்தால், கண்ணில் தெரிவதற்கு முன்பே ரத்தத்தில் தெரிந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. ஈரல் தள்ளப்படாமல் காக்கும் மருந்து உடம்பில் எவ்வளவு நிற்கிறது என்பதையும் அதிலேயே பார்ப்பார்கள். அதற்கு ஒரே நிபந்தனை: அன்று காலை மாத்திரை போடும் முன் ரத்தம் எடுத்துவிட வேண்டும். போட்டுவிட்டால் அளவு கூடுதலாகக் காட்டும்.

பரிசோதனைக்குப் போக வேண்டிய ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடித்து அவளுக்குத் திருநீறு இட்டவன், பழக்கத்தில் மாத்திரையையும் கொடுத்துவிட்டேன். அவளும் விழுங்கிவிட்டாள். பல்லாவரத்தில் ரயில் ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒரு நாளில் என்ன ஆகிவிடும் என்று பேசாமல் இருந்துவிட்டேன். ரத்தம் எடுத்தார்கள்.

மறுநாள் முடிவு வாங்க நான் மட்டும் போனேன். டாக்டர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மருந்து அளவு ரொம்ப அதிகமா இருக்கே. மாத்திரை போட்டுட்டா வந்தீங்க?"

போன வாரம் இதே தப்புக்கு ஒரு பெரியவரை நர்ஸ் எல்லார் முன்னாலும் வறுத்தெடுத்தது ஞாபகம் வந்தது.

"இல்ல சார்."

"ஈரல் பாதிப்பைக் காட்டற நம்பரும் ஏறியிருக்கு. மருந்து அதிகமானதால இருக்கலாம். இன்னிலேர்ந்து பாதியாக் குறைச்சிடுங்க."

ரயிலில் உட்கார முடியவில்லை. இடம் இருந்தும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டே வந்தேன். மருந்து உண்மையில் அதிகம் இல்லையென்றால் நம்பர் ஏன் ஏறியது? வீட்டுக்கு வந்ததும் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"சாமி முன்னாடி அரை மணி நேரம் நிக்கறீங்க. டாக்டர் முன்னாடி அரை நிமிஷம் நிக்க முடியலையா? போய் போன் பண்ணுங்க."

சாயங்கால மாத்திரைக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருந்தது. தெருமுனை பூத்துக்கு ஓடினேன். டாக்டர் லைனில் வந்த நேரம் பார்த்து, பக்கத்து விமான நிலையத்தில் இறங்கப் போகும் விமானம் ஒன்று தலைக்கு மேல் இரைந்துகொண்டு போனது.

"என்ன? கேக்கல, சத்தமாச் சொல்லுங்க!"

"பொய் சொல்லிட்டேன் சார்! மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தோம்!"

பின்னால் காத்திருந்தவர்கள் என்னையே பார்த்தார்கள்.

"அப்போ குறைக்காதீங்க. நாளைக்குக் காலைல மாத்திரை போடாம அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் எடுத்த ரத்தத்தில் மருந்து போதாமல்தான் இருந்தது. ஈரலைத் தள்ள உடம்பு தொடங்கியிருந்தது. அன்றே சேர்த்துக்கொண்டு மருந்தை ஏற்றினார்கள். நான்காம் நாள்தான் நம்பர் இறங்கியது. ஆஸ்பத்திரி வாசலிலேயே பிள்ளையார் இருந்தார். அந்த நாலு நாளும் அவர் பக்கம் திரும்ப எனக்கு முகமில்லை.