அண்ணியும் சூடேறாத எண்ணெயும்

நானும் வேலை பார்க்கும் விளையாட்டுத் திடலில் புல் வெட்டும் குட்டி டிராக்டரை ஓட்டுபவர் என் அண்ணி. அண்ணன் மனைவி என்பதற்காகப் புகழ்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டில் எனக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம்தான். ஈரத் துண்டை நாற்காலியில் போட்டுவிட்டால் அன்று முழுக்க எனக்கு அர்ச்சனை நடக்கும். ஆனால் அந்த வண்டியின் இருக்கையில் அவர் ஏறி உட்கார்ந்துவிட்டால் நான் வாயைப் பொத்திக்கொள்வேன். ஏன் என்று சொல்கிறேன்.

திடல் என்றால் மூன்று மைதானங்கள். மேலே ஒன்று, கீழே இரண்டு, நடுவில் நீளமான புல் சரிவு. ஏழு வருடம் இத்தனையையும் அண்ணி கையால் தள்ளும் மெஷினை வைத்தே வெட்டினார். பிறகு டிராக்டர் வந்தது. அதை ஓட்டுவதற்கென்று வந்த இரண்டு ஆண்கள், "என்னங்க இது, பொம்மை வண்டி மாதிரி இருக்கு" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். அண்ணி சிரிக்கவில்லை. கையேட்டை வீட்டுக்கு எடுத்து வந்தார். அதில் படம் பார்த்துக்கொண்டே பாலைப் பொங்கவிட்டார், அண்ணனிடம் திட்டு வாங்கினார், மூன்றாம் நாள் வண்டியை ஓட்டிக் காட்டினார்.

அந்த வண்டியில் கிளட்ச் மிதித்து கியர் மாற்றும் வேலை கிடையாது. பெடலை மிதித்தால் போகும், காலை எடுத்தால் நிற்கும். உள்ளே ஒரு பம்ப் எண்ணெயை அழுத்தித் தள்ள, அந்த எண்ணெய்தான் சக்கரத்தைச் சுற்றுகிறது. எண்ணெய் அளவுக்கு மீறிச் சூடானால் தண்ணீராக இளகிவிடும். அப்புறம் எதைத் தள்ளும்? இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு நெம்புகோல் உண்டு. அதன் ஒரு முனையில் முயல் படம், மறு முனையில் ஆமை படம். முயல் வேகத்துக்கு, ஆமை வலுவுக்கு.

எங்கள் மேலாளருக்கு ஸ்டாப்வாட்ச் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, நாங்கள் வைத்தது. ஒரு காலத்தில் ஓட்டப் பந்தயங்களுக்கு நேரம் குறித்தவர். அந்தக் கடிகாரம் இன்னும் அவர் கழுத்தில்தான் தொங்குகிறது. நான் கோல் வலை கட்டினாலும் அதை அழுத்துவார், தேநீர் குடிக்கப் போனாலும் அழுத்துவார். சரிவிலும் முயலில்தான் ஓட்ட வேண்டும் என்பது அவர் கட்டளை. ஏற்றத்தில் முயல் என்றால் எண்ணெய் சூடேறிவிடும் என்று அண்ணி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார், செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

இந்தக் கோடையில் வண்டி படுத்துவிட்டது. சரிவில் நாற்பது நிமிடம் ஓடும். பிறகு இன்ஜின் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருக்கும், பெடலை எவ்வளவு மிதித்தாலும் சக்கரம் நகராது. ஒரு மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி இருபது நிமிடம் ஓடும். பார்க்க வந்த மெக்கானிக் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல், "பம்ப் போயிடுச்சு. வித்துடுங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். ஸ்டாப்வாட்ச் அன்றே முடிவெடுத்துவிட்டார். வண்டியை விற்பது, புல் வெட்டும் வேலையை வெளியாள்களிடம் கொடுப்பது. பழத்தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டார்.

வண்டி போனால் வண்டி ஓட்டுபவருக்கு இங்கே என்ன வேலை? அண்ணி கேட்டே விட்டார். ஸ்டாப்வாட்ச் மேசையைப் பார்த்துக்கொண்டு, "பார்க்கலாம்மா" என்றார். பன்னிரண்டு வருட உழைப்புக்கு ஒரு 'பார்க்கலாம்மா'.

"வெள்ளிக்கிழமை அவர் வரும்போது நான்தான் ஓட்டிக் காட்டுவேன், சார்" என்றார் அண்ணி.

"நின்னு போச்சுன்னா மானம் போகும்மா."

"போனா என் மானம்தானே சார் போகும்."

புதன்கிழமை மதியம் அண்ணி கொட்டகைக் கதவுக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். வண்டி ஒவ்வொரு நாளும் எத்தனை நிமிடத்தில் நின்றது என்று அந்தக் கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார். எல்லாம் நாற்பதை ஒட்டியே இருந்தன. நடுவில் நான்கு நாள் மட்டும் ஐம்பது, ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்திரண்டு.

"இந்த நாலு நாள் என்ன நடந்துச்சு?"

"எனக்கென்ன தெரியும் அண்ணி? நான் காய்ச்சல்ல படுத்திருந்தேன்."

சொன்ன மாத்திரத்தில் அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, எனக்குக் காய்ச்சல் திரும்பவும் வந்துவிடும் போலிருந்தது.

வண்டியைக் கழுவுவது நான். அதில் எனக்குக் கர்வமும் உண்டு. தினமும் மாலையில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சும் அழுத்தக் குழாயை நேராக வண்டியின் முன்பக்கக் கம்பி வலையில் பிடித்து, முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளப்பாக்கிவிடுவேன். "வண்டின்னா இப்படி இருக்கணும்" என்று ஸ்டாப்வாட்சே ஒருமுறை என் முதுகில் தட்டியிருக்கிறார்.

அண்ணி இன்ஜினை முடுக்கினார். சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டையை எடுத்து, முன்பக்க வலையின் மேல் பாதியில் வைத்தார். உள்ளே சுற்றும் விசிறி இழுத்ததில் அது பச்சென்று ஒட்டிக்கொண்டது. கீழ்ப் பாதியில் வைத்தார். ஒட்டாமல் தரையில் விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடியும் விழுந்தது.

"மேல இருக்கறது இன்ஜினோட ரேடியேட்டர். கீழ, அதுக்கு முன்னாடி, எண்ணெயை ஆத்துற குட்டி ரேடியேட்டர். அதுக்குக் காத்தே போகலை."

வலையைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். இரண்டு ரேடியேட்டருக்கும் நடுவில், புல்தூளும் மண்ணும் கலந்து, குருவிக் கூடு மாதிரி கெட்டியாக இறுகிக் கிடந்தது. முன்னாலிருந்து நான் பீய்ச்சிய தண்ணீர் வெளித்தூசியைப் போக்கவில்லை, உள்ளே தள்ளி நனைத்துப் பூசியிருக்கிறது. நான் படுத்திருந்த நான்கு நாளில் அது காய்ந்து கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. வேலியே பயிரை மேய்ந்த கதைதான். திருடனுக்குத் தேள் கொட்டியதுபோல நின்றேன்.

"பம்ப் போகலை, கொழுந்தனாரே. நீங்கதான் அதோட மூக்கைப் பொத்தி வெச்சிருக்கீங்க."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

வியாழன் முழுக்க வேலை. பந்துகளுக்குக் காற்றடிக்கும் பம்பை நான் இழுத்து வந்தேன். அண்ணி அதன் குழாயை இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிநோக்கிப் பிடித்தார். வந்து விழுந்த குப்பை ஒரு வாளி நிறைந்தது. மிச்சத்தை நான் மென்மையான பிரஷ்ஷால், மடிப்பு மடிப்பாக, ஒரு தகடும் வளையாமல் எடுத்தேன். பழைய எண்ணெயில் கருகிய வாடை அடித்தது. வருடாந்திரப் பராமரிப்புக்கென்று கிடங்கில் வைத்திருந்த புது எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றினோம். கைக்குட்டையைக் கீழ்ப் பாதியில் வைத்ததும், நான் கையை எடுப்பதற்கு முன்பே ஒட்டிக்கொண்டது. நான் விசிலடிக்க விரலை வாயில் வைத்தேன். "வெள்ளிக்கிழமைக்கு வெச்சுக்குங்க" என்றார் அண்ணி.

வெள்ளிக்கிழமை வெயில் மண்டையைப் பிளந்தது. பதினொரு மணிக்குத் தோட்டக்காரர் வந்தார். மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல டயரைத் தட்டினார், எண்ணெய் மூடியைத் திறந்து மோந்தார். அண்ணி தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி, நெம்புகோலை ஆமைக்குத் தள்ளினார். ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தை அழுத்திவிட்டுக் கத்தினார்.

"முயல்ல போடும்மா! அவரு பார்க்கறாரு!"

"பார்க்கட்டும் சார்!" என்றார் அண்ணி. நெம்புகோலைத் தொடவில்லை.

வண்டி ஒரே சீராக ஏறியது, இறங்கியது, ஏறியது. அதற்குப் பின்னால் புல் பாய் விரித்ததுபோலப் படிந்தது. முப்பது நிமிடம். முப்பத்தைந்து. நாற்பதாவது நிமிடம் வண்டி சரிவின் நட்டநடுவில் இருந்தது. அங்கேயே அது கொஞ்சம் மெதுவாயிற்று. எனக்கு உயிரே போய்விட்டது. பார்த்தால், ஒரு குருவி பறந்துபோவதற்காக அண்ணி காலை லேசாக எடுத்திருக்கிறார்! குருவி போனது, வண்டி ஏறியது.

ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றரை ஆனது. சரிவு முடிந்ததும் நிறுத்துவார் என்று பார்த்தால், நேராக மேல் மைதானத்துக்குள் நுழைந்தார். சமதரை வந்த பிறகுதான் நெம்புகோலை முயலுக்குத் தள்ளினார். இரண்டு மணி நேரம் பத்து நிமிடத்தில் மைதானத்தையும் முடித்து, எங்கள் முன்னால் வந்து நின்று இன்ஜினை அணைத்தார். முயலிலேயே ஓட்டி, நின்று நின்று ஆறவிட்டு, இதே வேலைக்கு முந்தின வாரம் ஒரு நாள் முழுக்கப் பிடித்திருந்தது. ஸ்டாப்வாட்ச் கடிகாரத்தையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

தோட்டக்காரர் குனிந்து வண்டியின் அடியில் கை வைத்துப் பார்த்தார். வாயெல்லாம் பல்லாக நிமிர்ந்தார்.

"தொட முடியுதுங்க! எங்க கையெழுத்து போடணும்? நான் இப்பவே எடுத்துக்கிறேன்."

இதை நாங்கள் யோசிக்கவே இல்லை! நல்லபடி ஓடினால் வாங்க வந்தவன் விடுவானா? அண்ணியும் இருக்கையிலேயே உறைந்துபோய் உட்கார்ந்திருந்தார். கையுறையைக் கழற்றப் போன கை பாதியிலேயே நின்றுவிட்டது.

ஸ்டாப்வாட்ச் தொண்டையைக் கனைத்தார்.

"மன்னிச்சுக்குங்க. இது விக்கிறதுக்கில்லை."

"வரச் சொன்னதே நீங்கதானே?"

"அது ஓடாத வண்டிங்க. இது அவங்க வண்டி." அண்ணியிடம் திரும்பினார். "என்னம்மா ஆச்சு இதுக்கு?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"உள்ள தூசி அடைச்சிருந்துச்சு சார். எடுத்தாச்சு. சரிவுல இனிமே ஆமைதான்."

"ஆமைதான்மா" என்றார் ஸ்டாப்வாட்ச்.

தூசி எப்படி உள்ளே போனது என்று அண்ணி அன்றும் சொல்லவில்லை, இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. அதனால்தான் உங்களிடம் நானே சொல்லிவிட்டேன். அழுத்தக் குழாய் இப்போது நடைபாதைக்கு மட்டும். வண்டியின் மேலெல்லாம் புல்தூளும் புழுதியுமாகத்தான் இருக்கிறது, முகம் பார்க்க முடியாது. தினமும் காலையில் கைக்குட்டையைக் கீழ்ப் பாதியில் நான்தான் வைக்கிறேன். அது ஒட்டியதும் "சரி அண்ணி!" என்று கத்துவேன். அவர் ஏறி உட்காருவார்.

அந்த வெள்ளிக்கிழமை, தோட்டக்காரர் போன பிறகு, அண்ணி என்னைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமைக்கு ஒண்ணு பாக்கி வெச்சிருந்தீங்களே?"

இரண்டு விரலை வாயில் வைத்து, மூன்று மைதானத்துக்கும் கேட்கிற மாதிரி விசிலடித்தேன்.